குதிரைத்திறன் ஏறுகிறது... கைக்கு வரும் சேதி குறைகிறது!

2007-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸின் ஏஎம்ஜி பிரிவு சி63 என்ற செடானை அறிமுகப்படுத்தியது. பார்வைக்கு ஆபீஸ் போய்வரும் நான்கு கதவுக் கார்தான். பானெட்டுக்குள் இருந்ததோ 6.2 லிட்டர் வி8 எஞ்சின். டர்போ எதுவும் இல்லாமலே 457 குதிரைத்திறன். அதே பெயரைத் தாங்கி 2022-ல் அறிமுகமான சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸில் இருப்பது 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின். கூடவே பின் அச்சில் ஒரு மின்மோட்டார். இரண்டும் சேர்ந்தால் 680 குதிரைத்திறன், 1,020 நியூட்டன் மீட்டர் டார்க். காகிதத்தில் பார்த்தால் பழையதைவிட 223 குதிரைகள் கூடுதல். ஆனால் ஏஎம்ஜி பிரியர்கள் பலர் இந்தக் காரைக் கொண்டாடவில்லை. அந்தப் பழைய வி8 எங்கே என்றுதான் கேட்டார்கள்.

இதைப் பழசின் மீதான ஏக்கம் என்று ஒதுக்கிவிடலாம். காரைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். மின்மோட்டாரின் பங்கு 204 குதிரைத்திறன். அந்த உச்சம் பத்து விநாடிகளுக்குத்தான். அதற்குப் பிறகு மோட்டாரால் தொடர்ந்து தர முடிவது 95. பேட்டரியும் மோட்டாரும் ஏறியதில் காரின் எடை இரண்டு டன்னைத் தாண்டிவிட்டது. பழைய காரில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு, அந்தக் கணமே எஞ்சின் பதில் சொல்லும். புதிய காரில் டர்போ, மோட்டார், பேட்டரியில் மிச்சம் இருக்கும் சார்ஜ், நான்கு சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் கம்ப்யூட்டர் எல்லாம் கூடிப் பேசி முடித்த பிறகு பதில் வருகிறது. அது மிக வேகமான பதில்தான். ஆனால் ஓட்டுபவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அல்ல.

அறுபது ஆண்டுகளாக வளர்ந்துவந்த ஸ்போர்ட்ஸ் செடான் என்ற அருமையான கார் வகை இன்று வந்து நிற்கும் இடம் இது. எண் ஏறிக்கொண்டே போகிறது. காருக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே நடந்த உரையாடல் சுருங்கிக்கொண்டே வருகிறது.

75 கிலோ, ஒரு மீட்டர், ஒரு விநாடி

குதிரைத்திறன் என்ற எண் உண்மையில் எதைச் சொல்கிறது? 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு மெட்ரிக் குதிரைத்திறன். ஐரோப்பிய கம்பெனிகளின் கணக்கு இது. இந்தக் கட்டுரையில் வரும் எண்களும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் வருகின்றன. எஞ்சினின் டார்க்கையும் அது சுழலும் வேகத்தையும் பெருக்கி இந்த எண்ணை எடுக்கிறார்கள். விளம்பரத்தில் வருவது அதன் உச்சம் மட்டும். அதாவது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டும்போது கிடைக்கும் அளவு.

நமக்குத் தெரிந்த சாலை ஒன்றில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களும் பைகளுமாக 1,700 கிலோ எடையுள்ள ஒரு கார் சுமார் 1,000 மீட்டர் உயரத்தை 40 நிமிடங்களில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஆகும் சராசரி சக்தி ஒன்பதரைக் குதிரைத்திறனுக்கும் குறைவு. டயரின் உராய்வு, கியர்பாக்ஸில் ஆகும் இழப்பு, ஒவ்வொரு வளைவிலிருந்தும் மீண்டு வேகமெடுக்கத் தேவைப்படுவது எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் ஒரு சாதாரண 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்கிடம் இருப்பதே அந்த மலைக்குப் போதும். மலைப்பாதையில் நம்மைத் தவிக்கவிடுவது பெரும்பாலும் சக்திக் குறைவு அல்ல. சக்கரம் எங்கே போகிறது, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவதுதான்.

சக்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது 60-லிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைச் சட்டென்று எட்டும் கார் பாதுகாப்பானது. நேர்ச்சாலையில் முதுகு சீட்டில் அழுந்தும் அந்தப் பாய்ச்சல் ஓர் இன்பம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது சில விநாடிகளில் முடிந்துபோகும் இன்பம். அதன்பின் வரும் வளைவை அந்த எண்ணால் எடுக்க முடியாது.

கையில் தளரும் கனம்

ஓட்டும் உணர்வு என்று கார்க்காரர்கள் சொல்வதை, கவிதை மாதிரி ஏதோ பேசுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக்க முழுக்க இயற்பியல்.

வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன் டயரின் ரப்பர் சற்றே முறுக்கிக்கொள்கிறது. தரையைத் தொடும் பரப்பின் நடுப்புள்ளியில் அல்லாமல், அதற்குக் கொஞ்சம் பின்னால் பக்கவாட்டு விசை விழுகிறது. அந்தச் சிறு இடைவெளி நெம்புகோலாகச் செயல்பட்டு, திரும்பிய சக்கரத்தை மறுபடி நேராக்கப் பார்க்கிறது. ஸ்டீயரிங்கில் நாம் உணரும் கனத்தின் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. வளைவில் விசை கூடக்கூடக் கனமும் கூடும்.

பிறகுதான் முக்கியமான கட்டம். டயர் தன் பிடிமானத்தின் எல்லையை நெருங்கும்போது, தொடுபரப்பின் பின்பகுதி முதலில் வழுக்கத் தொடங்குகிறது. விசை விழும் இடம் நடுப்புள்ளியை நோக்கி நகர்கிறது. நெம்புகோல் குறுகுகிறது. ஏறிக்கொண்டே வந்த கனம் கையில் லேசாகத் தளர்கிறது. இது நடப்பது பிடிமானம் போன பிறகு அல்ல, போவதற்குச் சற்று முன்னால். இதற்கு மேல் வேகம் வேண்டாம் என்று முன் டயரே ஓட்டுபவரின் விரல்களுக்குச் சொல்லி அனுப்பும் சேதி அது. மாடு மிரளப் போவதை வண்டிக்காரர் கயிற்றைப் பிடித்த கையிலேயே அறிந்துகொள்வார் இல்லையா, அதே அறிவுதான்.

பிரேக் பெடலிலும் இப்படி ஒரு சேதி உண்டு. நல்ல பெடல், அழுத்தும் தூரத்துக்குப் பதில் சொல்லாமல் அழுத்தும் பலத்துக்குப் பதில் சொல்லும். பின் சக்கரங்கள் நழுவத் தொடங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இடுப்பில் தெரியும். அதனால்தான் சீட் எவ்வளவு உறுதியாக உடலைப் பிடித்திருக்கிறது என்பதும் ஓட்டும் உணர்வில் சேர்த்தி. சஸ்பென்ஷன் கைகள் உடலோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கும். இரைச்சலும் அதிர்வும் உள்ளே வராமலிருக்க அவற்றை மென்மையாக்குகிறார்கள். இரைச்சல் குறைகிறது, சேதியும் அதோடு மங்குகிறது. இரைச்சலை மட்டும் வடிகட்டிச் சேதியை உள்ளே விடுவதில்தான் ஒரு சேஸி எஞ்சினியரின் கைத்திறன் இருக்கிறது. இந்தத் திறனுக்கு அலகு கிடையாது. அலகு இல்லாததை விளம்பரத்தில் போட முடியாது. கதையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

100 குதிரைகளில் எழுந்த கம்பெனி

1959 டிசம்பரில் பிஎம்டபிள்யூ கிட்டத்தட்ட டெய்ம்லர் பென்ஸ் கைக்குப் போயிருக்க வேண்டியது. பங்குதாரர் கூட்டத்தில் சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எதிர்த்து நின்றார்கள். கம்பெனியை விற்கும் திட்டம் நின்றது. தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் பணம் போட்டுக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். 1961 பிராங்க்பர்ட் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ 1500 அறிமுகமானது. 1.5 லிட்டர் எஞ்சின், 80 குதிரைத்திறன், நான்கு கதவுகள். கம்பெனியைக் காப்பாற்றியது இந்த வரிசைக் கார்கள்தான்.

இதன் தொடர்ச்சியாக 1968-ல் வந்த 2002 என்ற காரின் பிறப்பு சுவாரசியமானது. எஞ்சின் வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஃபோன் ஃபால்கன்ஹவுசன், தன் சொந்த உபயோகத்துக்காகச் சிறிய 1600 காரில் 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தச் சொல்லியிருந்தார். அதே கம்பெனியின் இன்னொரு பெரிய அதிகாரியான ஹெல்முட் வெர்னர் பென்ஷும் தனியாக அதையே செய்திருந்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பிஎம்டபிள்யூவை இறக்குமதி செய்த மேக்ஸ் ஹாஃப்மனும் இன்னும் கொஞ்சம் சக்தியுள்ள கார் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படித்தான் 2002 சந்தைக்கு வந்தது. 100 குதிரைத்திறன், ஒரு டன்னை ஒட்டிய எடை.

அது அமெரிக்காவில் மஸில் கார்கள் கோலோச்சிய காலம். அதே 1968-ல் டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி 375 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அந்தச் சந்தையில் 'கார் அண்ட் டிரைவர்' இதழின் டேவிட் ஈ. டேவிஸ், இந்தச் சின்ன ஜெர்மானியக் காரைத் தலையில் தூக்கிவைத்து எழுதினார். கார் இதழியலில் இன்றுவரை பேசப்படும் கட்டுரை அது. சக்தியில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய கார் ஒன்று, அதை ஓட்டியவர்களைப் பித்துப்பிடிக்க வைத்தது. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், எடை மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்ததே காரணம்.

1984 மே மாதம் நடந்த இன்னொரு நிகழ்ச்சியும் இங்கே சொல்ல வேண்டியது. நர்பர்க்ரிங்கில் புதிய கிராண்ட் பிரீ டிராக்கைத் திறந்தபோது, மெர்சிடிஸ் ஒரு காட்சிப் பந்தயம் நடத்தியது. எல்லாருக்கும் ஒரே கார்: 190இ 2.3-16. காஸ்வர்த் நிறுவனம் வடிவமைத்த 16 வால்வு ஹெட், 185 குதிரைத்திறன். நிக்கி லௌடா, அலன் பிராஸ்ட், ஜேம்ஸ் ஹன்ட், ஸ்டிர்லிங் மாஸ் எனப் பெரும்புள்ளிகள் களத்தில் இருந்தார்கள். ஃபார்முலா ஒன்னில் அப்போதுதான் காலடி வைத்திருந்த 24 வயது பிரேசில் இளைஞர் ஜெயித்தார். அயர்டன் சென்னா. சக்தி எல்லாருக்கும் சமமாக இருந்ததால், காரின் சேதியை யார் கூர்மையாகப் படிக்கிறார் என்பது மட்டுமே அன்று போட்டியானது.

ஒரு எம்5, ஏழு தலைமுறை

எண்ணின் ஏற்றத்தையும் அதற்குக் கொடுத்த விலையையும் ஒரே பெயரில் பார்க்க வேண்டுமானால் பிஎம்டபிள்யூ எம்5-ஐத்தான் பார்க்க வேண்டும். 1985-ல் வந்த முதல் எம்5-க்கு, எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினிலிருந்து வளர்ந்த 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 286 குதிரைத்திறன். 1998-ல் வந்த மூன்றாம் தலைமுறைக்கு, அதாவது இ39-க்கு, வி8-ம் 400-ம். அடுத்து வி10 எஞ்சினோடு 507. 2011-ல் டர்போ வந்தது, 560. 2017-ல் நான்கு சக்கர இயக்கத்தோடு 600. 2024-ல் பிளக்-இன் ஹைப்ரிட்டாக 727.

இதில் இ39 எம்5-ஐ ஸ்போர்ட்ஸ் செடான்களின் சிகரம் என்று சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். எட்டு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், ஆறு கியர் மேனுவல் மட்டும், ஆட்டோமேட்டிக் என்ற பேச்சே இல்லை. ஆனால் அதன் ஒரே குறையாக எல்லாரும் சுட்டுவது ஸ்டீயரிங். இதற்கான காரணம் நம் விஷயத்துக்கு நேர் சாட்சி. அதே உடலில் வந்த ஆறு சிலிண்டர் 5 சீரிஸ் கார்களில், நேரடியான சேதி தரும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் இருந்தது. அகலமான வி8 எஞ்சினை உள்ளே வைத்தபோது அந்த ரேக்குக்கு இடமில்லை. அதனால் வி8 கார்களுக்கெல்லாம் பழைய பாணி ரீசர்க்குலேட்டிங் பால் ஸ்டீயரிங்கைப் போட்டார்கள். 193 குதிரைத்திறன் 528ஐ, 400 குதிரைத்திறன் எம்5-ஐவிடத் தெளிவாகக் கையோடு பேசியது இதனால்தான். சக்திக்காகச் சேதியை விட்டுக்கொடுத்தது வெறும் பேச்சாக இல்லாமல், பானெட்டைத் திறந்தால் கண்ணுக்கே தெரிந்த கார் அது.

2011 எம்5-ல் வேறொன்று நடந்தது. டர்போ வந்ததால் எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது. அதை ஈடுகட்ட, கேபினுக்குள் ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் சத்தத்தை ஒலிக்கவிட்டார்கள். எந்தச் சுழற்சியில் எஞ்சின் ஓடுகிறது என்பதைக் காதாலேயே அறிந்து கியர் மாற்றுவது ஓட்டுபவரின் பழக்கம். அந்தக் காதுக்குத் தயாரித்த ஒலியைக் கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போதைய எம்5-க்கு வருவோம். 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர். இதற்கு முந்தைய எம்5 காம்பெடிஷன் 625 குதிரைத்திறன். நூறுக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் கம்பெனியின் சொந்தக் கணக்கிலேயே 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பழைய கார் எடுப்பது 3.3 விநாடி, புதியது 3.5 விநாடி. ஹைப்ரிட் பாகங்களால் எடை ஐந்நூறு கிலோவுக்கு மேல் கூடி, 2,400 கிலோவைத் தாண்டிவிட்டதே காரணம். 2021-ல் எடையைக் குறைத்துச் சிறு எண்ணிக்கையில் வந்த 635 குதிரைத்திறன் எம்5 சிஎஸ், அதே வேகத்தை 3 விநாடியில் எட்டியது. சக்தி மட்டுமே பெரிது என்று சொல்பவர்களின் சொந்தக் களத்திலேயே, நேர்ச்சாலையிலேயே, அந்த எண் தோற்றிருக்கிறது.

இத்தனை எடையை வளைவில் மறைக்கப் பின்சக்கரங்களும் திரும்பும் ஏற்பாடு, அகலமான டயர்கள் எல்லாம் புதிய காரில் உண்டு. அவை அபாரமாக வேலை செய்கின்றன. விளைவு என்னவென்றால், டயர் தன் எல்லையை நெருங்கிப் பேசத் தொடங்கும் வேகம் மிக மிக உயரத்துக்குப் போய்விட்டது. பழைய 205 மில்லிமீட்டர் அகல டயர் 60 கிலோமீட்டர் வேகத்து வளைவிலேயே உங்களோடு பேசும். இன்றைய 285 மில்லிமீட்டர் டயர் அந்த வேகத்தில் வாயே திறக்காது. அது பேசத் தொடங்கும் வேகத்தில் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம்.

மின் ஸ்டீயரிங் மட்டுமா குற்றவாளி?

சேதி குறைந்ததற்கு எல்லாரும் முதலில் குற்றம்சாட்டுவது எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கை. பழைய ஹைட்ராலிக் முறையில் ஆயில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து எந்நேரமும் சுழலும், எரிபொருள் வீணாகும். மின்மோட்டாரோ தேவையானபோது மட்டும் உதவும். தானாகப் பார்க் செய்வது, லேனுக்குள் வைத்திருப்பது போன்ற வசதிகளுக்கும் மோட்டார் வேண்டும். எனவே மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆனால் 2011-ல் வந்த 3 சீரிஸில் ஸ்டீயரிங் மரத்துப்போனது என்ற புகார் பரவலாக எழுந்தது. 'கார் அண்ட் டிரைவர்' ஆண்டுதோறும் வெளியிடும் சிறந்த பத்துக் கார்களின் பட்டியலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து இடம்பிடித்த 3 சீரிஸ், 2015 பட்டியலில் இல்லை. சக்தி குறைந்ததால் வந்த இழப்பு அல்ல அது. அப்போது எஞ்சின்களின் வலுவில் குறை இல்லை.

மின் ஸ்டீயரிங்கிலும் உயிர் இருக்க முடியும் என்று காட்டிய கார் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ. 2015-ல் காட்சிக்கு வந்தது. 2.9 லிட்டர் வி6, 510 குதிரைத்திறன். ஆனால் அந்தக் காரைப் பற்றி ஓட்டியவர்கள் எழுதும்போது முதலில் எஞ்சின் வருவதில்லை. 11.8:1 என்ற விகிதத்தில் சுறுசுறுப்பாகத் திரும்பும் ஸ்டீயரிங், முன்பக்கம் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், கார்பன் ஃபைபர் புரொபெல்லர் ஷாஃப்ட், முன்பின் சரிசமமாகப் பிரிந்த எடை, இவைதான் வருகின்றன. எங்கே எடையைக் குறைத்தால் ஸ்டீயரிங் வாய் திறக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த கார். அதன் பிரேக் பெடலுக்கு அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்னணு ஏற்பாடு புகுந்ததில், மெதுவான வேகத்தில் அது பட்டென்று பிடிப்பதாகப் பலர் குறைபட்டார்கள்.

நம் நாட்டில் விற்பனைக்கு வராத காடிலாக் சிடி5-வி பிளாக்விங் இன்னொரு சாட்சி. 668 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர் வைத்த 6.2 லிட்டர் வி8. இத்தனை சக்தியோடு ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸையும் கொடுத்தார்கள், கிளட்ச் பெடலோடு. அதன் ஷாக் அப்சார்பர்களில் இரும்புத் துகள் கலந்த திரவம் இருக்கிறது. காந்தப்புலத்தைக் கூட்டினால் திரவம் கண்ணிமைக்கும் நேரத்தில் கெட்டிப்படும், குறைத்தால் இளகும். சொகுசும் சேதியும் ஒரே காரில் கிடைக்க இது வழி செய்தது. இத்தனை பெரிய எண்ணோடு ஓட்டும் உணர்வும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இந்தக் கார் போதும். எனவே எண் பெரிதானதில் தவறில்லை. எண்ணைத் தவிர வேறெதற்கும் கம்பெனிகள் நேரம் செலவழிக்காமல் போவதுதான் தவறு.

எண் மலிவானபோது

மின்கார்கள் வந்தபின் குதிரைத்திறனின் மதிப்பே மாறிவிட்டது. 2021-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது. எஞ்சினில் நூறு குதிரைகளைக் கூட்ட ஒரு காலத்தில் எஞ்சினியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். இப்போது இன்னொரு மோட்டாரைச் சேர்த்தால் போதும். எல்லாரிடமும் இருப்பதை வைத்து யாரும் பெருமைப்பட முடியாது. இனிமேல் ஒரு காரை இன்னொரு காரிலிருந்து பிரித்துக் காட்டப்போவது ஓட்டும் உணர்வு மட்டும்தான். அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நம்பிக்கைக்கு இன்னொரு காரணம் ஹூண்டாய். பிஎம்டபிள்யூவின் எம் பிரிவில் எஞ்சினியரிங் தலைவராக இருந்த ஆல்பர்ட் பியர்மன் 2015-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் வளர்த்த 'என்' (N) பிரிவிலிருந்து 2023-ல் ஐயானிக் 5 'என்' வந்தது. கியரே தேவைப்படாத மின்காரில், கியர் மாறுவதுபோன்ற உதறலையும் ஒலியையும் மோட்டார் மூலம் செய்துகாட்டுகிறார்கள். ஸ்பீக்கர் சத்தம் உறுத்துகிறது என்று மேலே சொன்ன நான் இதை ஏன் வரவேற்கிறேன்? இங்கே மோட்டாரின் இழுவையே நிஜமாக மாறுகிறது. தவறான கியரில் வளைவுக்குள் நுழைந்தால் கார் நிஜமாகவே சோர்ந்துபோகும். வேகம் எவ்வளவு என்பதைக் காதும் முதுகும் மீண்டும் அறிகின்றன. அதே முறையை ஐயானிக் 6 'என்' மூலம் செடானுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மறைமலைநகரில் இருந்து வந்த பாடம்

ஓட்டும் உணர்வு கோடீஸ்வரர்களின் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஃபோர்டு ஐகானை நினைவுபடுத்த விரும்புகிறேன். 1999-ல் சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் இருந்து வந்த செடான். அதன் 1.6 லிட்டர் எஞ்சினின் சக்தி 90-ஐ ஒட்டியதுதான். ஆனால் அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. நல்ல நிலையில் ஓர் ஐகான் விலைக்கு வருமா என்று இப்போதும் தேடுகிறவர்கள் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 1990-களில் ஐரோப்பிய ஃபோர்டு கார்களின் ஓட்டும் தன்மையைத் தலைகீழாக மாற்றிய ரிச்சர்ட் பேரி-ஜோன்ஸ். வேல்ஸ்காரர், 2021-ல் மறைந்தார். 1993 மாண்டியோ செடான், 1998 ஃபோகஸ் இரண்டிலும் அவர் கைவண்ணம் உண்டு. ஐகானுக்கு அடித்தளமான ஃபியஸ்டாவும் அதே காலத்தில், அதே சிந்தனையில் உருவான கார். 50 மீட்டர் சோதனை என்று ஒன்றை அவர் வைத்திருந்தார். காரின் தரத்தை அறியப் பந்தய டிராக் தேவையில்லை. கிளம்பிய முதல் 50 மீட்டரிலேயே ஸ்டீயரிங், கிளட்ச், ஆக்சிலரேட்டர், பிரேக் எல்லாம் ஒரே மனிதர் செய்தவைபோல இசைகின்றனவா என்று தெரிந்துவிடும் என்பது அவர் கொள்கை.

இன்று நம் சாலைகளுக்குக் கிடைக்கும் செடான்களிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா டர்போவுக்கு 160 குதிரைத்திறன். ஃபோக்ஸ்வாகன் விர்டஸின் 1.5 லிட்டர் டர்போவுக்கு 150. ஹோண்டா சிட்டிக்கு டர்போ இல்லாமல் 121. நேர்ச்சாலையில் வெர்னாவின் பாய்ச்சல் தனி. மலைப்பாதைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் விர்டஸின் சாவியைத்தான் எடுப்பேன். வளைவின் நடுவே மேடு பள்ளம் வந்தாலும் அது சிதறாமல் நிற்கிறது. சிட்டியின் எஞ்சினுக்குப் பாய்ச்சல் குறைவு. ஆனால் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே டர்போவின் தாமதம் இல்லாத நேரடித் தொடர்பு அதில் மிச்சமிருக்கிறது. வசதி உள்ளவர்களுக்கு, பிஎம்டபிள்யூவின் சென்னை ஆலையில் 2021 முதல் உருவான எம்340ஐ இருக்கிறது. 387 குதிரைத்திறனோடு அறிமுகமானது. 2000-ல் வந்த எம்3-இன் 343-ஐவிட அதிகம்! ஆனாலும் அந்தப் பழைய எம்3-ஐத்தான் சேகரிப்பாளர்கள் விலை ஏற்றி வாங்குகிறார்கள்.

அடுத்தமுறை ஷோரூமுக்குப் போகும்போது பேரி-ஜோன்ஸின் சோதனையை நீங்களே செய்து பாருங்கள். விற்பனையாளர் காட்டும் நேரான பைபாஸை மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். வளைவும் மேடும் உள்ள பாதை ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். ஆடியோவை அணைத்துவிடுங்கள். ஸ்போர்ட் மோடைத் தொடாதீர்கள். அது பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்கைக் கனமாக்குமே தவிரப் பேச வைக்காது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவை எடுங்கள். கனம் படிப்படியாக ஏறுகிறதா, விட்டால் தானாக நேராகிறதா என்று கவனியுங்கள். பிரேக்கை மெல்ல அழுத்தி, கார் நிற்கும் அந்தக் கடைசிக் கணத்தில் குலுங்காமல் நிறுத்த முடிகிறதா பாருங்கள். ஆக்சிலரேட்டரைக் கால்வாசி மட்டும் மிதித்து, எவ்வளவு தாமதமாகப் பதில் வருகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். இதில் தேறாத காருக்கு, அதன் பின்னால் எத்தனை குதிரைகள் எழுதியிருந்தாலும், முன்பணம் கட்டாதீர்கள்.